அமெரிக்கா போன கல்யாண கேசட் ஏன் ஓடவில்லை? ரீஜன் பூட்டும் வீடியோ முறையும்

ஈரோட்டில் போட்ட கல்யாண டிவிடி நியூஜெர்சியில் ஓடவில்லை. நியூஜெர்சியில் வாங்கி வந்த கார்ட்டூன் டிவிடி கோபிசெட்டிபாளையத்தில் ஓடவில்லை. இரண்டுக்கும் "ரீஜன் பிரச்சினைங்க" என்று ஒரே காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ரீஜன் என்பது எந்த நாட்டு பிளேயரில் ஓடலாம் என்று டிஸ்கில் போடும் பூட்டு. கல்யாண டிவிடிக்கும் ரீஜனுக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்டுடியோவில் எழுதித் தரும் டிஸ்கில் ரீஜன் பூட்டு போடுவதில்லை. அங்கே தடுப்பது வீடியோ முறை, அதாவது அந்தந்த நாட்டு டிவி படத்தைக் காட்டும் கணக்கு. கார்ட்டூன் டிஸ்கில்தான் ரீஜன் தடுக்கிறது. சில சமயம் இரண்டும் சேர்ந்து தடுக்கும். எது தடுக்கிறது என்று தெரியாமல் பிளேயரை மாற்றுவார்கள், டிவியை மாற்றுவார்கள். கடைசியில் கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை மாற்றி மாற்றி அதையும் நிரந்தரமாகப் பூட்டிவிடுவார்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் கொங்கு நாட்டில் நிறைய. டிஸ்க் இரண்டு பக்கமும் போய் வருகிறது. அதனால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் அட்டையைத் திருப்புங்கள்

கம்பெனி டிஸ்க் என்றால் அட்டையின் பின்பக்கம், கீழ் ஓரத்தில் ஒரு சின்ன உலக உருண்டைப் படம் இருக்கும். அதற்குள் ஒரு எண். அதுதான் ரீஜன். பக்கத்திலேயே எறும்பு எழுத்தில் ‘பால்’ அல்லது ‘என்டிஎஸ்சி’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அது வீடியோ முறை. (ஆவின் பால் அல்ல, ஜெர்மனியில் பிறந்த கலர் டிவி முறையின் பெயர்ச் சுருக்கம்.) இந்த இரண்டு விஷயத்தையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது.

நம் இந்தியா 5ஆம் ரீஜன். இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் இதே எண்தான். அமெரிக்காவும் கனடாவும் 1. இங்கிலாந்து உட்பட மேற்கு ஐரோப்பா, துபாய், சார்ஜா, சவூதி, தென்னாப்பிரிக்கா, ஜப்பான் ஆகியவை 2. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், தென்கொரியா, தைவான் 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோ, தென் அமெரிக்கா 4. சீனாவுக்குத் தனியாக 6. விமானத்துக்கும் கப்பலுக்கும் 8. இடையில் உள்ள 7 பொது விற்பனைக்கு வராது. உருண்டைக்குள் 0 என்றோ ‘ஆல்’ என்றோ இருந்தால் பூட்டே இல்லை என்று பொருள்.

இந்தப் பிரிவினை முழுக்க வியாபாரம். டிவிடி 1996 கடைசியில் ஜப்பானிலும், 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அப்போது ஹாலிவுட் படங்கள் எல்லா நாட்டுத் தியேட்டருக்கும் ஒரே நாளில் வராது. அமெரிக்காவில் டிஸ்கே வந்துவிட்ட படம், வேறொரு நாட்டில் அப்போதுதான் தியேட்டருக்கு வரும். அந்த டிஸ்க் விமானம் ஏறி வந்து இங்கே வசூலைக் கெடுக்கக் கூடாது என்று போட்ட வேலி இது. டிஸ்கின் ஆரம்பக் கோப்பில் ஒரே ஒரு பைட், அதில் எட்டு பிட், ரீஜனுக்கு ஒன்று. எந்த பிட் ‘கூடாது’ என்று இருக்கிறதோ அந்த நாட்டுப் பிளேயர் ஓட்ட மறுக்கும். ஒரே டிஸ்க் இரண்டு மூன்று ரீஜனுக்கு இடம் கொடுப்பதும் இதனால்தான். இங்கிலாந்தில் விற்கும் டிஸ்குகளில் ‘2, 4’ என்று சேர்ந்தே இருப்பதைப் பார்க்கலாம்.

தமிழ்ப் பட டிவிடிகளில் ரீஜன் பூட்டு அபூர்வம். விற்பனையே லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும்போது யார் பூட்டுவார்கள்? நம் பீரோவில் இருக்கும் பல தமிழ், இந்தி டிஸ்குகளின் அட்டையைத் திருப்பினால் ‘என்டிஎஸ்சி, ஆல் ரீஜன்’ என்று இருக்கும். அமெரிக்காவிலும் ஓட வேண்டும் என்று அப்படிப் போட்டார்கள். இந்திய பிளேயர்கள் இரண்டு முறையையும் தின்றுவிடும் என்பதால் இங்கே யாருக்கும் அது தெரிந்ததே இல்லை.

50, 60: எல்லாம் கரண்டிலிருந்து வந்த வினை

ரீஜன் வியாபாரிகள் போட்ட கோடு. வீடியோ முறை அப்படியல்ல. அதன் வேர் கரண்டில் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பழைய டிவி வடிவமைப்பில் கரண்டின் துடிப்புக்கு ஒத்துப் போகிற மாதிரி படத்தின் துடிப்பையும் வைத்தார்கள். இல்லாவிட்டால் திரையில் பட்டை பட்டையாக ஊர்ந்து போகும். அமெரிக்கா 1953இல் என்டிஎஸ்சி கலர் முறையை ஏற்றது. ஐரோப்பாவில் 1967இல் பால் ஒளிபரப்பு தொடங்கியது. இந்தியாவுக்குக் கலர் டிவி 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வந்தபோது பால் முறையையே எடுத்துக்கொண்டோம். ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்த தூர்தர்ஷன் எல்லாமே அதுதான்.

டிவிடியில் கணக்கு இது: பால் என்றால் 720 × 576 புள்ளிகள், வினாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்). என்டிஎஸ்சி என்றால் 720 × 480 புள்ளிகள், வினாடிக்கு 29.97 ஃபிரேம். பால் கூடுதல் துல்லியம், என்டிஎஸ்சி கூடுதல் ஓட்டம். பிரான்ஸ், ரஷ்யா பக்கம் செகாம் என்று மூன்றாவது முறை இருந்தது. அந்த நாட்டு டிவிடிகளும் பால் கணக்கில்தான் வருகின்றன, அதனால் அதை மறந்துவிடலாம்.

இதை ரீஜனோடு பொருத்திப் பாருங்கள். சிங்கப்பூர் ரீஜன் 3, ஆனால் பால். சார்ஜா ரீஜன் 2, அதுவும் பால். கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிற இந்த இரண்டு ஊருக்கும் கல்யாண டிஸ்க் அனுப்பினால் அப்படியே ஓடும். லண்டன், சிட்னி, கொழும்பும் பால்தான். அமெரிக்கா, கனடா என்டிஎஸ்சி. ஜப்பான் ரீஜன் 2 என்றாலும் என்டிஎஸ்சி; ஐரோப்பாவோடு ரீஜன் ஒன்று, முறை வேறு. தென்கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ ஆகியவையும் என்டிஎஸ்சி பக்கம். ஆக, நம் சொந்தக்காரர்களில் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, ஜப்பான்காரர்கள் மட்டுமே.

சினிமா ரசிகர்களுக்கு ஒரு பக்கத் தகவல். படம் எடுப்பது வினாடிக்கு 24 ஃபிரேமில். அதைப் பால் டிஸ்கில் ஏற்றும்போது 25ஆக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சரிக்கட்டாமல் விட்டால் பாட்டின் சுருதியும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். பாடகர் குரல் கொஞ்சம் மெலிந்த மாதிரி கேட்டால் காதில் கோளாறில்லை. என்டிஎஸ்சியில் வேகம் மாறாது. ஆனால் ஃபிரேமை மாற்றி மாற்றி இரண்டு தடவை, மூன்று தடவை காட்டுவதால், கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் சின்னத் தடுமாற்றம் தெரியும். பாட்டுக்காக வாங்குகிறவர் என்டிஎஸ்சி பதிப்பைத் தேடி எடுப்பது நல்லது.

நோய் எது என்று அறிகுறியை வைத்துச் சொல்லலாம்

திரையில் ‘ராங் ரீஜன்’ என்றோ, பூட்டுப் படமோ வந்தால் ரீஜன். சந்தேகமே வேண்டாம்.

சத்தம் சரியாகக் கேட்கிறது, படம் மட்டும் மேலும் கீழும் உருளுகிறது, அல்லது கறுப்பு வெள்ளையாக இருக்கிறது என்றால் வீடியோ முறை. பழைய பெட்டி டிவியில் இது சகஜம்: பாலின் கலர் அலை 4.43 மெகாஹெர்ட்ஸில் வரும், என்டிஎஸ்சியின் கலர் அலை 3.58இல் வரும், ஒன்றுக்குச் செய்த டிவி மற்றதில் கலரைக் கண்டுபிடிக்காது. புதிய டிவியில் எச்டிஎம்ஐ வழியாக என்றால் உருளாது. ‘இந்த சிக்னலைக் காட்ட முடியாது’ என்று கறுப்புத் திரை வரும்.

உலக வரைபடம் ஒன்று வந்து, ‘உங்கள் பிளேயர் மாற்றப்பட்டிருக்கலாம்’ என்ற மாதிரி வாசகம் நின்றால், அது ரீஜன் பூட்டின் இரண்டாவது அடுக்கு. 2000 வாக்கில் சில அமெரிக்க டிஸ்குகளில் சேர்த்தார்கள். டிஸ்கே பிளேயரிடம் ‘நீ எந்த ரீஜன்?’ என்று கேட்கும். 0 என்று பதில் வந்தால் நின்றுவிடும். பிளேயரை 0 என்று விடாமல் 1 என்று வைத்தால் ஓடும்.

படம் பச்சையாக, ஊதாவாக, இரட்டையாகத் தெரிந்தால் ரீஜனும் இல்லை, முறையும் இல்லை. பிளேயர் செட்டப்பில் யாரோ ‘பி-ஸ்கேன்’ என்பதை ஆன் செய்திருப்பார்கள். மஞ்சள் வயரில் அது போகாது. மூன்று வயர் கம்போனன்ட் இணைப்புக்கு மட்டுமே அது. படமே தெரியாத நிலையில் மெனுவுக்குள் போய் மாற்ற முடியாதென்றால், டிவியின் கம்போனன்ட் துளைகளில் வயரைக் குத்திப் படத்தை வரவைத்து, பிறகு ஆஃப் செய்யுங்கள்.

முகம் மட்டும் நீண்டோ, சப்பையாகவோ தெரிந்தால், ‘டிவி ஷேப்’ அமைப்பை 16:9க்கு மாற்றினால் போதும். ‘நோ டிஸ்க்’ என்றால் அழுக்கு, கீறல், அல்லது ஸ்டுடியோவில் டிஸ்கை எழுதி முடிக்கும்போது ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் (எழுதியதை முடித்து மூடாமல்) விட்டது. ரீஜன் மேல் பழி போட வேண்டாம்.

வீட்டு பிளேயரைச் சரி செய்வது

முதலில் வீடியோ முறை. டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு செட்டப் மெனுவுக்குள் போங்கள். ‘டிவி சிஸ்டம்’ அல்லது ‘டிவி டைப்’ என்ற வரியில் பால், என்டிஎஸ்சி, ஆட்டோ (சிலவற்றில் மல்டி) என்று மூன்று இருக்கும். உங்கள் டிவி புதிய எல்இடி என்றால் ஆட்டோவில் வையுங்கள்: டிஸ்க் எப்படியோ அப்படியே அனுப்பும், இந்திய எல்இடி டிவிகள் 50, 60 இரண்டையும் வாங்கிக்கொள்ளும். பழைய பெட்டி டிவி என்றால் பாலில் வையுங்கள். பிளேயரே மாற்றித் தரும், படம் கொஞ்சம் தடுமாறினாலும் கலர் வரும். பல பிளேயர்களில் டிஸ்க் உள்ளே இருந்தால் இந்த வரி மங்கலாகி, அழுத்தினாலும் மாறாது. டிஸ்கை எடுக்கச் சொன்னது அதற்குத்தான்.

அடுத்து ரீஜன். இந்தியாவில் விற்ற மலிவு பிளேயர்களில் பல பூட்டே இல்லாமல் வந்தவை. முதலில் டிஸ்கைப் போட்டுப் பாருங்கள். பூட்டு இருந்தால், பெரும்பாலான கம்பெனிகள் சர்வீஸ்காரர்களுக்கென்று ரிமோட்டில் ஒரு ரகசிய எண் வரிசை வைத்திருக்கும். மாடல் எண்ணைப் பிளேயரின் பின்பக்க ஸ்டிக்கரில் பார்த்துக்கொண்டு அந்த மாடலுக்கு உரியதையே தேட வேண்டும். உதாரணமாக, பிலிப்ஸ் டிவிபி வரிசையின் பல மாடல்களில் டிஸ்க் இல்லாமல் செட்டப் அழுத்தி, பிரிஃபரன்ஸ் பக்கத்துக்குப் போய், 1 3 8 9 3 1 என்று அழுத்தினால் இப்போதைய ரீஜன் எண் தெரியும். மேல், கீழ் அம்புக்குறியால் அதை மாற்றலாம். எண்ணை வேகமாக, இடைவெளி விடாமல் அழுத்த வேண்டும். வேறு மாடலின் எண்ணைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஃபர்ம்வேர் (பிளேயருக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பைத் தேடி எடுத்து ஏற்றும் வழியில் இறங்காதீர்கள். தவறான கோப்பு ஏறினால் பிளேயர் செங்கல்தான், காந்திபுரத்தில் எந்தக் கடைக்கு எடுத்துப் போனாலும் மீளாது.

விலை கொடுத்து வாங்கிய டிஸ்கை நம் வீட்டில் பார்க்க ரீஜனை மாற்றுவது ஒன்று. பூட்டை உடைத்து நகல் எடுத்து விற்பது வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. எல்லை எங்கே என்று தெரிந்திருக்கட்டும்.

கம்ப்யூட்டர் டிரைவ்: மொத்தம் 5 தடவைதான்

பணம் வீணாவது இங்கேதான். 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த கம்ப்யூட்டர் டிவிடி டிரைவ்களில் ரீஜன் டிரைவுக்குள்ளேயே பதிவாகிறது. மாற்ற 5 வாய்ப்பு. ஐந்தாவது தடவை எதில் வைத்தீர்களோ அதிலேயே இறுகிவிடும். விண்டோஸை அழித்துப் போட்டாலும், டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் எண்ணிக்கை திரும்பி வராது. கணக்கு டிரைவின் நினைவில் இருக்கிறது, விண்டோஸில் இல்லை. புது டிரைவில் முதன்முதலாக ரீஜன் வைப்பதும் இந்த ஐந்தில் ஒன்று.

பார்ப்பது இப்படி: டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிவிடி டிரைவின் பெயர் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் ‘டிவிடி ரீஜன்’ என்று ஒரு பக்கம் இருக்கும். இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று அங்கேயே காட்டும். ஓகே அழுத்தும் முன் அந்த எண்ணைப் படியுங்கள்.

மாற்றுவதற்கு முன் விஎல்சி என்ற இலவச மென்பொருளில் டிஸ்கைப் போட்டுப் பாருங்கள். டிரைவின் ரீஜனைக் கேட்காமலேயே அது பல டிஸ்குகளை ஓட்டிவிடும். சில டிரைவ்கள் மட்டும் ரீஜன் பொருந்தாவிட்டால் தரவையே தராது; அப்போது விஎல்சியாலும் முடியாது. அப்படிப்பட்ட டிரைவில் அமெரிக்க டிஸ்க், இந்திய டிஸ்க் என்று மாறி மாறிப் பார்க்க வேண்டியிருந்தால், யுஎஸ்பி டிரைவ் இரண்டாவது ஒன்று வாங்கி அதை ரீஜன் 1இல் வைத்து, மேலே மார்க்கரால் ‘1’ என்று எழுதிவிடுங்கள். ஐந்து வாய்ப்பையும் தீர்த்துவிட்டு டிரைவைத் தூக்கிப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வீடியோ முறை கம்ப்யூட்டருக்குப் பொருட்டே இல்லை. பாலும் என்டிஎஸ்சியும் அதற்கு வெறும் எண்கள். அமெரிக்காவில் இருக்கும் தம்பியிடம் டிஸ்க் போய்ச் சேர்ந்தாயிற்று, டிவியில் ஓடவில்லை என்றால், லேப்டாப்பில் டிரைவை மாட்டி எச்டிஎம்ஐ வயரில் டிவிக்குக் கொடுத்தால் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

கல்யாண கேசட்டை அமெரிக்காவுக்கு அனுப்புவது

டிஸ்க் ஆனாலும் பென்டிரைவ் ஆனாலும் நம் ஊரில் அது ‘கேசட்’தான். போகட்டும். அனுப்பும் முன் முடிவு செய்ய வேண்டியது: அங்கே டிஸ்க் தேவையா, கோப்பு போதுமா?

கோப்பு போதும் என்றால், டிவிடியிலிருந்து எடுக்கவே வேண்டாம். ஸ்டுடியோவில் எடிட் முடித்த எச்டி கோப்பைக் கேளுங்கள். டிவிடி என்பது அதைச் சுருக்கி, புள்ளிகளைக் குறைத்து எழுதியது. கொங்குக் கல்யாணத்தை நடத்தி வைக்கும் அருமைக்காரர் கையிலிருக்கும் அருகம்புல்லோ, மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீரில் சேலையின் ஜரிகையோ எச்டியில் தெரிகிற மாதிரி டிவிடியில் தெரியாது. ஸ்டுடியோக்காரர்கள் அடுத்த முகூர்த்த சீசனுக்கு ஹார்டுடிஸ்கைக் காலி செய்வார்கள். அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

பழைய கல்யாணம், கையில் டிவிடி மட்டும்தான் இருக்கிறது என்றால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். ஸ்டுடியோ டிஸ்கில் பூட்டு இல்லாததால் நேரே படிக்கும். எம்பி4, எச்.264 தேர்ந்தெடுங்கள். ஃபில்டர்ஸ் பக்கத்தில் ‘டீஇன்டர்லேஸ்’ஐ ‘பாப்’ வகையில் வையுங்கள்: பால் வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதியாகப் பின்னிக் கிடக்கிறது, அதைப் பிரித்து 50 முழுப் படமாக்கினால் நாதஸ்வரக்காரர் விரலும் பந்தியில் பரிமாறுகிற கையும் சீப்புப் பல் மாதிரி கிழியாமல் தெரியும். வீடியோ பக்கத்தில் ஃபிரேம் ரேட்டை 50 என்று வைக்க மறக்காதீர்கள். மூலத்தைப் போலவே என்று விட்டால் 25க்குப் போய்விட வாய்ப்புண்டு. தர எண் 18 முதல் 20க்குள். சத்தம் ஏஏசி 160. ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள், அல்லது முகூர்த்தம், வரவேற்பு என்று இரண்டு கோப்பாக்குங்கள். பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது என்பதால் இரண்டாவது வழிதான் பத்திரம். அமெரிக்க டிவி யுஎஸ்பி வழியாக 50 ஃபிரேம் கோப்பைப் பொதுவாக ஓட்டிவிடும். கொஞ்சம் தடுமாற்றம் இருக்கலாம்.

அங்கே இருக்கும் பெரியவர்களுக்கு டிஸ்கைப் போட்டு அமுக்கினால் படம் வர வேண்டும், அவ்வளவுதான் என்றால், என்டிஎஸ்சி டிஸ்காகவே எழுத வேண்டும். அமெரிக்க பிளேயர்கள் பலவும் பால் டிஸ்கை ஏற்காது. ஏற்றாலும் அந்த ஊர் டிவிகள் பல 50 ஹெர்ட்ஸ் படத்தை ஏற்காது. டிவிடிஸ்டைலர் மாதிரி மென்பொருளில் புதிய புராஜெக்ட் தொடங்கும்போதே என்டிஎஸ்சி, 16:9 என்று தேர்ந்தெடுங்கள். பாதியில் மாற்றினால் மெனு எல்லாம் கலைந்துவிடும். மூலமாக மேலே சொன்ன 50 ஃபிரேம் கோப்பைக் கொடுங்கள். 25 ஃபிரேம் கோப்பைக் கொடுத்தால் வினாடிக்கு ஐந்து ஃபிரேமை இரட்டித்துத்தான் 29.97 ஆக்கும், கேமரா மண்டபத்தைச் சுற்றி வரும் காட்சி எல்லாம் திக்கித் திக்கிப் போகும்.

சத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. பால் டிவிடியில் எம்பெக் வகைச் சத்தம் மட்டும் இருந்தாலும் விதிப்படி சரி. என்டிஎஸ்சியில் அது செல்லாது. டால்பி ஏசி3 அல்லது பிசிஎம் கட்டாயம். முறை மாற்றும்போது சத்தத்தை மாற்றாமல் விட்டால் மங்கல வாழ்த்து முழுக்க ஊமைப் படமாக ஓடும். ஏசி3, 48 கிலோஹெர்ட்ஸ், 224 கேபிபிஎஸ் என்று வையுங்கள்.

எவ்வளவு நேரம் ஏற்றலாம்? 4.7 ஜிபி டிஸ்கில் 2 மணி நேரம் என்றால் சத்தம், இதர செலவு போகப் படத்துக்கு வினாடிக்கு சுமார் 4.8 மெகாபிட் கிடைக்கும். இது போதுமானது. 3 மணி நேரத்தை அடைத்தால் 3.2க்கு இறங்கிவிடும், பூ தூவுகிற காட்சியிலும், சீரியல் லைட் மின்னுகிற இடத்திலும் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். 3 மணி நேரக் கல்யாணத்துக்கு இரண்டு டிஸ்க் போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு மணி நேரம்தான் என்றாலும் 8 மெகாபிட்டுக்கு மேல் போகாதீர்கள். வீட்டில் எழுதிய டிஸ்கை அந்த வேகத்தில் படிக்கப் பழைய பிளேயர்கள் திணறும்.

எழுதுவதற்கு டிவிடி மைனஸ் ஆர் வாங்குங்கள். பழைய பிளேயர்களுக்கு அதுதான் ஒத்துப்போகும். 16 எக்ஸ் டிஸ்கை 8 எக்ஸில் எழுதி, முடிந்ததும் ‘வெரிஃபை’ ஓடவிடுங்கள். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்: சமநிலை தப்பி டிஸ்க் ஆடும், சூட்டில் பசை இளகும். பேரை டிஸ்குக்கென்று விற்கும் மார்க்கரால் எழுதுங்கள்.

அங்கிருந்து கேமராவும் பிளேயரும் வரும்போது

அமெரிக்காவிலிருந்து கேமராவோடு கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அதை 30 அல்லது 60 ஃபிரேமிலேயே விட்டுவிடுவார்கள். நம் மண்டபத்து டியூப் லைட்டும், மட்டமான எல்இடியும் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். 60இல் ஓடும் கேமரா அந்தத் துடிப்போடு ஒத்துப் போகாமல், மேடையில் வெளிச்சம் அலை அலையாக ஏறி இறங்கும். எடிட்டிங்கில் இதை முழுதாக நீக்க முடியாது. கேமரா மெனுவில் பால் என்று மாற்ற வசதி இருந்தால் மாற்றுங்கள், ஸ்டுடியோ எடுக்கிற காட்சியோடும் பொருந்தும். இல்லாவிட்டால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று கையால் வையுங்கள். 60 ஃபிரேமில் எடுத்தால் 1/100 மட்டுமே. துடிப்பு நின்றுவிடும்.

பிளேயரைத் தூக்கி வந்தால் பின்பக்கம் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். ‘100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் பிளக்கின் வடிவத்தை மாற்ற அடாப்டர் போதும். ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால், செருகிய நொடியில் ஃபியூஸ் போகும், கெபாசிட்டர் வெடிக்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்; டிவிடி பிளேயருக்கு 50 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். அது வோல்ட்டைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். பிளேயருக்கு அதனால் தொல்லையில்லை. கோவைக்காரர்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ப்ளூ-ரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து. அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, வளைகுடா, ஆஸ்திரேலியா பி. இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் சி. படம் பெரும்பாலும் 24 ஃபிரேமிலேயே இருப்பதால் பால், என்டிஎஸ்சி தகராறு குறைவு. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்கில் ரீஜன் பூட்டே கிடையாது. பழைய விசிடியிலும் கிடையாது.

பார்சல் கட்டும் முன் ஒரு சோதனை. எழுதிய டிஸ்கை விஎல்சியில் ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ திறங்கள். 720 × 480, 29.97 என்று இருந்தால் அமெரிக்காவுக்குப் போகலாம். 720 × 576, 25 என்று இருந்தால் அது இன்னும் பால் டிஸ்க்தான். மென்பொருளில் புராஜெக்ட் அமைப்பைத் திறந்து மறுபடி எழுதுங்கள். சத்தத்தின் வரியில் ஏ52 என்று இருக்க வேண்டும், விஎல்சி ஏசி3க்குச் சொல்லும் பெயர் அதுதான். காகித உறையில் வைக்காமல் கெட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். இன்னொரு நகல் எழுதி வீட்டு பீரோவிலும் ஒன்று வையுங்கள்.